வாணக் குழாயில் வளர்ந்த விடத்தலை

"நட்டுவிட்டு வந்தீர்களே, பிழைத்ததா?"

ஊர் திரும்பிய நாளிலிருந்து கல்லூரியில் எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்வி இது. எனக்குத் தெரியாது. இருபது வருடங்களுக்கு மேலாகத் தாவரவியல் கற்பிக்கிற ஒருத்தி இப்படிச் சொல்வது அழகில்லைதான். ஆனாலும் தெரியாததைத் தெரியாது என்று எழுதிவிட்டுத் தொடங்குவது நல்லது. தெரிந்தது போலப் பேசி நான் அசடு வழிந்த சந்தர்ப்பம் ஒன்றும் இந்தப் பயணத்தில் உண்டு. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

1961 தீபாவளி கழிந்த அடுத்த வாரம் மதுரையிலிருந்து சிவகாசிக்குப் போனேன். காரணம், எஸ்தர் எழுதிய ஒரு கார்டு. எஸ்தரும் நானும் இண்டர்மீடியட் படித்தபோது இரண்டு வருடம் விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். அவள் அத்தோடு நிறுத்தி ஆசிரியப் பயிற்சிக்குப் போனாள். இப்போது நாரணாபுரத்தைத் தாண்டி ஒரு சிற்றூரில் மிஷன் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். கார்டில் இருந்தது இவ்வளவுதான்: "இங்கே பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் முப்பது பேர் சேர்ந்து மொட்டைக் கரட்டில் முள்செடி நடுகிறார்கள். போன வருடம் நட்டது ஒன்றுவிடாமல் செத்தது. இந்த வருடக் கன்றுகளும் மஞ்சளாகின்றன. நீ படித்த படிப்புக்கு ஒரு வேலை வந்திருக்கிறது. வா."

எனக்கு மரம் நடு விழாக்களில் நம்பிக்கை கிடையாது. நட்டவர் கை கழுவுவதற்குச் சொம்பு நீட்டப்படுவதைப் பார்த்திருக்கிறேன். செடிக்கு மறுநாள் யாரும் எதையும் நீட்டிப் பார்த்ததில்லை. இருந்தும் கிளம்பினேன். எஸ்தர் முப்பது வருடங்களில் என்னை எதற்கும் வா என்று கூப்பிட்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறேகாலுக்கு மதுரையில் பஸ் ஏறினேன். விருதுநகர் முப்பது மைலுக்குச் சற்றுக் குறைவு. கட்டணம் ஒரு ரூபாய். எட்டு மணிக்கு இறங்கி, பஸ் நிலையத்துக்கு எதிரே இட்லியும் காப்பியும் முப்பது நயா பைசாவுக்கு முடித்துக்கொண்டேன். மிளகாய் வத்தல் மண்டிகள் இருக்கும் தெரு வழியாக நடக்க வேண்டாம் என்று ஓட்டல்காரர் சொன்னார். கேட்காமல் நடந்து பத்து நிமிடம் தும்மினேன். மூட்டை தூக்குகிறவர்கள் ஒருவரும் தும்மவில்லை; என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஒன்பது பத்துக்குச் சிவகாசி பஸ். பதினாறு மைல், ஐம்பத்தைந்து நயா பைசா, ஆமத்தூர், திருத்தங்கல் வழியாக ஒரு மணி நேரம். ரயிலும் உண்டு, ஆனால் அதற்கு மத்தியானம்வரை காத்திருக்க வேண்டும். ஆமத்தூர் தாண்டியதும் கண்ணுக்கு எட்டிய மட்டும் வெட்ட வெளி. யுத்த காலத்தில் இதே சாலையில் நான் வந்திருக்கிறேன். அப்போது பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் பின்னால் ஒரு கொப்பரை போலக் கரி அடுப்பைப் பொருத்தி, அந்தப் புகையில் வண்டி ஓட்டினார்கள். ஏற்றம் வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ளுவோம். அந்தப் பயணத்தில் சாலையின் இருபுறமும் முட்புதர் அடர்ந்திருந்ததாக ஒரு ஞாபகம். அது எங்கே போயிற்று என்று ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தேன். பதில் அன்று சாயங்காலமே கிடைத்தது.

தீபாவளிக்குப் பிந்தைய சிவகாசியை வெளியூர்க்காரர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். பட்டாசுக் கம்பெனிகள் பூட்டிக் கிடக்கும். வருடம் முழுக்கக் குனிந்த முதுகுகள் சில வாரங்கள் நிமிரும் காலம் அது. அச்சகங்கள் மட்டும் ஓயவில்லை, காலண்டர் சீசன். ஒவ்வொரு சந்திலும் மை வாடையும் எந்திரச் சத்தமும்.

குதிரை வண்டிக்காரர் ஒன்றரை ரூபாய் கேட்டார். மூன்று மைலுக்கு ஒரு ரூபாய் போதும் என்றேன்.

"எங்கன போகணும்?"

"நாரணாபுரம் தாண்டி. கரட்டடியில் மிஷன் பள்ளிக்கூடம்."

"காயிதத்துல செடி வைக்கிற பொம்பளைகளைப் பாக்கவா? அப்ப ஒரு ரூவாயே குடுங்க. எங்க வீட்டுக்காரியும் அதுல ஒரு ஆளு. லீவு விட்டா மனுசி வீட்ல இருப்பான்னு பாத்தேன். கரட்டுல கெடக்கா."

காகிதத்தில் செடி என்றால் என்ன என்று வண்டியில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வாணத்துக்காகப் பெண்கள் காகிதத்தைப் பசை தடவி உருட்டிக் குழாய் செய்கிறார்கள். ஒரு சாண் நீளம், மூன்று விரல் நுழையும் அகலம். கோணிப்போன குழாய்களைக் கம்பெனி கழித்துக் கட்டிவிடும். அந்தக் கழிவுக் குழாய்களில் மண்ணை நிரப்பி விதை போட்டுக் கன்று வளர்க்கிறார்கள். நடும்போது குழாயோடு அப்படியே குழியில் இறக்கிவிடலாம்; காகிதம் மண்ணில் மக்கிவிடும், வேர் அசையாது. கேட்ட மாத்திரத்தில் கெட்டிக்கார யோசனை என்று தோன்றியது.

"அதுல வெடிமருந்து ஏதும் ஒட்டியிருக்காதா?" என்றேன்.

"மருந்து அடைக்காத குழாய்ம்மா. செடி வெடிக்காது. தைரியமாப் போங்க."

பதினொன்றே முக்காலுக்குப் பள்ளிக்கூட வாசலில் இறங்கினேன். எஸ்தர் நரைத்திருந்தாள். நானும்தான். "கண்ணாடி போட்டும் உனக்கு என்னைத் தெரியலையாடி?" என்றாள்.

சாயங்காலம் எஸ்தர் வீட்டு முற்றத்துக்குப் பேச்சியம்மாள் வந்தார். நாற்பது வயதிருக்கும். குழாய் உருட்டுகிறவர், விரல் நுனிகளில் ரேகையே தெரியாமல் வழவழவென்றிருந்தது. இந்த நடவு வேலைக்குத் தலைமை அவர்தான், அப்படி யாரும் சொல்லவில்லை என்றாலும். அவருடைய மகள் மாரி, பதினேழு வயது, தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்கிறவள், அம்மாவின் பின்னால் நின்றாள். சற்று நேரத்தில் ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டுச் சுப்பையாவும் வந்து கல்லில் உட்கார்ந்தார். ஊரில் அதிக ஆடு வைத்திருப்பவர் அவர், அறுபதை நெருங்கியவர்.

நிலைமையைச் சுப்பையாவே எனக்கு விளக்கினார். கரடு என்கிற அந்தக் கற்குன்று ஊருக்குப் பொது. இரண்டு வருடம் ஆடு விடுவதில்லை என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சியம்மாளுக்கு வாக்குக் கொடுத்தார்கள். முதல் வருட நடவு மொத்தமும் போயிற்று. இந்த மழைக்கும் பிழைக்காவிட்டால் தை பிறந்ததும் கரடு மறுபடி மேய்ச்சலுக்கு. கீழ்ச்சரிவைக் கல் உடைக்கக் குத்தகைக்கு விடவும் பேச்சு நடக்கிறது.

"பிழைக்காட்டி மொத ஆட்டை நானே ஓட்டி விடுறேன்னு சொல்லியிருக்கேன்," என்றார் பேச்சியம்மாள்.

"உனக்கு ஏது தாயி ஆடு? அதையுந்தான் போன வருசமே வித்துட்டியே," என்றார் சுப்பையா.

"ஒங்க ஆடு இருக்குல்ல மாமா."

நான் கேட்க நினைத்ததைக் கேட்டேன். முள்செடி எதற்கு? வேம்பு, புங்கு நட்டால் நிழலாவது கிடைக்குமே. அதுவும் இல்லையென்றால் சீமைக் கருவேல் விதை இலவசமாகக் கிடைக்கிறது, எங்கும் முளைக்கும். உண்மையைச் சொன்னால், என்னைத் தனியாகக் கேட்டிருந்தால் அதைத்தான் நான் பரிந்துரைத்திருப்பேன்.

"அது நம்ம முள்ளு இல்ல டீச்சர்," என்றார் பேச்சியம்மாள். "குத்துனா சீழ் கோக்கும். இங்கன நின்னது விடத்தலை, உடை, சூரை, கிளுவை, ஆவாரை. அதுதான் நிக்கணும்."

"எது எங்கே நின்றது என்று எப்படித் தெரியும்?"

சுப்பையா தொண்டையைச் செருமினார். "வெட்டுனவன் நான்லா. சண்டை நடந்த வருசத்துல பஸ்ஸுக்குக் கரி வேணும்னு காண்ட்ராக்ட்காரன் வந்தான். எட்டுப் பேரு மூணு வருசம் வெட்டிச் சுட்டு மூட்டை போட்டோம். எந்தப் பாறைக்குப் பக்கத்துல எந்தச் செடின்னு கேளுங்க, சொல்றேன். இவளுக எங்கிட்டக் கேட்டுத்தான் குழி போட்ருக்காளுக."

அந்தக் கரியில் ஓடிய பஸ்ஸில் நானும் போயிருக்கிறேன், ஏற்றத்தில் தள்ளியும் இருக்கிறேன். கரடு மொட்டையானதில் ஒரு கைப்பிடிக் கரி என் கணக்கு.

ஆனால் எதற்கு முள் என்ற கேள்விக்கு அன்று சரியான பதில் வரவில்லை. பேச்சியம்மாள் ஆட்டுக்குத் தின்ன நெற்று கிடைக்கும் என்றார், சுப்பையா ஆவாரம்பூ என்றார். மாரி தரையைப் பார்த்தாள். எஸ்தர், "காலைல தெரியும்," என்றாள்.

இனி எழுதுவது பெண் வாசகர்களுக்குச் சொல்லாமலே புரியும். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை விடியுமுன் நாலே முக்காலுக்கு எஸ்தர் என்னை எழுப்பினாள். "இப்பவே போய்ட்டு வந்துரணும். வெளிச்சம் வந்தா அப்புறம் பொழுது சாயணும்." ஊரில் எந்த வீட்டிலும் கழிப்பிடம் கிடையாது. கரட்டின் கீழ்ச்சரிவுக்குப் போனோம். அங்கே ஏற்கெனவே இருபது, இருபத்தைந்து பெண்கள் தள்ளித் தள்ளி இருந்தார்கள். மறைவுக்கு முழங்கால் உயரத்தில் ஒரு செடி இல்லை. சரிவின் அடியிலேயே சாலை. தூரத்தில் லாரி விளக்கு தெரிந்ததும் யாரும் சொல்லாமல் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து, சாலைக்கு முதுகைத் திருப்பி நின்றார்கள். வெளிச்சம் முதுகுகளின் மேல் வழிந்து போனது. பிறகு மறுபடி உட்கார்ந்தார்கள். நான் அங்கிருந்த நேரத்தில் மூன்று முறை எழுந்து நின்றேன்.

திரும்பும் வழியில் எஸ்தர் மீதியைச் சொன்னாள். மாரி தீப்பெட்டி ஆபீசில் நாள் முழுக்கத் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் போக வேண்டிவரும். போன வருடக் கோடையில் நீர்க்கடுப்பு முற்றிக் காய்ச்சலில் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பேச்சியம்மாள் ஆடுகளை விற்றது அந்தச் செலவுக்கு. ஊர்க்கூட்டத்தில் இதைச் சொல்ல முடியுமா? ஆட்டுக்கு நெற்று என்றுதான் சொல்ல முடியும்.

வேம்பின் அடியில் நிழல் இருக்கும், மறைவு இருக்காது. அடியிலிருந்தே கிளைத்துப் புதராய் அடைத்து நிற்பது விடத்தலை. எனக்கு வெட்கமாயிருந்தது. முந்தின நாள் புங்கு பற்றி எத்தனை தெளிவாகப் பேசியிருக்கிறேன்.

எட்டு மணிக்குக் கன்றுகளைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தின் பின்புறம், ஓலைப் பந்தலின் கீழ் முந்நூற்று நாற்பது குழாய்கள் வரிசையாக நின்றன. பெரும்பாலானவற்றில் இளம் இலைகள் வெளிறி மஞ்சளாக, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தது. எனக்குப் பார்த்த உடனே புரிந்துவிட்டது, அல்லது அப்படி நினைத்தேன். கரட்டடி மண்ணில் சுக்கான் கல் அதிகம். சுண்ணாம்பு மிகுந்தால் செடி இரும்புச் சத்தை எடுக்க முடியாது. இலை இப்படித்தான் வெளிறும். இதைச் சுமார் கால் மணி நேரம் அந்தப் பெண்களுக்கு விளக்கினேன். வேறு மண் கொண்டுவர வேண்டும் என்றேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள்.

முடித்ததும் பேச்சியம்மாள் கேட்டார்: "சரிதான் டீச்சர். அப்ப அந்த மூலைல இருக்கிறது?"

மூலையில் அறுபது கன்றுகள் தனியாக இருந்தன. குழாய் தீர்ந்துபோனதால், கருப்பட்டி வைக்கும் பனை ஓலைக் கொட்டான்களில் போட்டவையாம். எல்லாம் கரும்பச்சை.

"அது வேறு மண்ணா?"

"இதே மண்ணுதான். இதே குழில தோண்டுனது. இதே தண்ணி."

என் கால் மணி நேர விளக்கம் அங்கேயே முடிந்தது. யாரும் சிரிக்கவில்லை என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும். எஸ்தர் மட்டும் புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள், துடைக்க ஒன்றும் இல்லாமலே.

"போன வருடம் நட்டதில் ஒன்றைத் தோண்டிப் பார்க்கலாமா?" என்றேன்.

கரட்டில், பழைய முள்ளை அடுக்கி வேலி கட்டிய நடவு இடத்துக்குப் போய்த் தோண்டினோம். வெளியே வந்ததைப் பார்த்து நான் திகைத்தேன். ஒரு வருடம் மண்ணில் கிடந்த காகிதக் குழாய் குழாயாகவே இருந்தது. சுற்றிலும் கரையான் புற்று; குழாயில் கரையான் வாய் வைத்த தடம் இல்லை. உள்ளே செத்த வேர், சுவரை எட்டிய இடங்களில் எல்லாம் கருகிக் குட்டையாய்த் திரும்பியிருந்தது. ஒன்றுகூட வெளியே வரவில்லை.

"பாத்தீகளா, நம்ம சரக்கு," என்றார் ஒரு பெண். குரலில் பெருமை இருந்தது. "கரையான் என்ன, கரப்பான்கூடத் தொடாது. எலி மோந்துட்டுப் போயிரும்."

"ஏன் தொடாது?"

"பசைல துத்தம் போடுறோம்ல. மயில்துத்தம். இல்லாட்டி மாவுப் பசைய ஒரே ராத்திரில தின்னுபுடும். எங்க கம்பெனில மத்தவுகளைவிட ஒரு பிடி கூடவே போடுவோம்."

பேச்சியம்மாள் அந்தக் குழாயைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மயில்துத்தம் என்பது செம்பின் உப்பு. அதிகமானால் வேரைக் கொல்லும், இலையை வெளிறச் செய்யும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. தங்கள் வேலையின் சுத்தத்தில் அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. பூச்சி தொடாத குழாயில் வளர்ந்தால் செடிக்கு நல்லது என்று, இருந்ததில் கெட்டிப் பசை போட்ட குழாய்களைத் தேடிப் பொறுக்கிச் சேர்த்திருக்கிறார்கள்.

"நாங்கதான் கொன்னுருக்கோம்," என்றார்.

வேலியோரம் நின்ற சுப்பையாதான், "ரெண்டு வருசமா என் ஆட்டைச் சந்தேகப்பட்டீகளே தாயி. பாவம், வாயில்லா சீவன்," என்றார். அதற்கு ஒருவர், "மாமா, ஒம்ம ஆட்டுக்கு வாயைத் தவிர வேற எதுவும் கெடையாது," என்றார். இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது.

செய்ய வேண்டியது ஒன்றுதான். காகிதத்தை உரித்து எறிந்துவிட்டு, மண்கட்டியோடு அன்றே குழியில் வைக்க வேண்டும். ஒரு வாரம் முன்பு பெய்த மழையின் ஈரம் குழிகளில் ஒரு சாண் ஆழத்தில் இன்னும் இருந்தது. ஆனால் உரிக்கும்போது மண் உதிர்ந்தால் நோஞ்சான் வேர் அறுந்துவிடும். எனக்கு நிச்சயம் இல்லை. ஆகவே படித்தவர்கள் செய்வதைச் சொன்னேன்: பாதியை உரித்து நடுங்கள், பாதியைக் குழாயோடு நடுங்கள். எது பிழைக்கிறது என்று பார்த்தால் காரணம் சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும்.

பேச்சியம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டு பிள்ளைக்குப் பசிச்சா, ஒண்ணுக்குக் கஞ்சி ஊத்திட்டு, இன்னொண்ணு என்ன ஆகுதுன்னு பாத்துக்கிட்டிருப்பீகளா டீச்சர்?"

இதற்குப் பதில் உண்டு. பாடப்புத்தகத்தில் ஒரு அத்தியாயமே உண்டு. ஆனால் தை மாதம் பதில் சொல்ல வேண்டியவர் அவர், நானில்லை.

மத்தியானம் ஒன்றரைக்கு வேலை தொடங்கியது. முப்பது பெண்கள் பந்தலில் வரிசையாக உட்கார்ந்தார்கள், கம்பெனியில் உட்கார்வது போலவே. உருட்டும்போது காகிதத்தின் கடைசி ஓரம் எங்கே ஒட்டப்படுகிறது என்று அவர்கள் விரல்களுக்குத் தெரியும். ஈரத் துணியால் அந்த ஓரத்தை ஒற்றி, நகத்தால் நெம்பி, குழாயை உள்ளங்கையில் எதிர்ப்பக்கமாக உருட்டினார்கள். காகிதம் சுற்றுச் சுற்றாக விலகியது. உள்ளே மண் குழாய் வடிவத்திலேயே, உதிராமல் நின்றது. நானும் ஒன்றை எடுத்தேன். என் கையில் மூன்று கன்றுகள் மண்ணும் வேருமாகப் பிரிந்தன. நான்காவதை மாரி என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள். "நீங்க தண்ணி மோந்து ஊத்துங்க டீச்சர்," என்றாள். அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது.

தண்ணீர் மொண்டேன். கிணற்றிலிருந்து கரட்டுக்கு இருநூற்று எழுபது அடி எடுத்து வைக்க வேண்டும், எண்ணினேன். பதினொரு நடை நடந்தேன். சுப்பையா வேலிக்கு வெளியே நின்றபடியே, "அது கிளுவைக் குழி, விடத்தலையை அங்கன வைக்காத. ஏலே, அந்தப் பாறைக்கு மேக்க, மேக்க," என்று கத்திக்கொண்டிருந்தார். வேலிக்குள் வந்து சொல்லக் கூடாதா என்று கேட்டதற்கு, வெட்டினவன் கை ராசியில்லை என்றார்.

பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்தது. கொட்டான் கன்றுகள் அறுபதையும் ஓலையைக் கீறி நட்டார்கள். அறுபதும் சோர்வில்லாமல் நின்றன. மற்றவை நடும்போதே தலை சாய்ந்திருந்தன. எத்தனை பிழைக்கும் என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. அதற்காகவும் அவர்களுக்கு நன்றி.

இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். தீபாவளி முடிந்து கார்த்திகை நடுவரைதான் சரியான காலம். அதற்கு முன் போனால் எல்லோரும் வேலையில் இருப்பார்கள். மதுரையிலிருந்து போய்வர, வண்டிச் செலவு சேர்த்து, ஐந்தே கால் ரூபாய்க்குள் முடியும். கிராமத்தில் தங்க இடமில்லை. சிவகாசியில் சத்திரம் இருக்கிறது. தடித்த அடியுள்ள செருப்பு வேண்டும், பழைய முள் தரையில் நிறையக் கிடக்கிறது. குடையும் வேண்டும், மழைக்கு இல்லாவிட்டாலும் வெயிலுக்கு. மிட்டாய், பழம் என்று எதுவும் வாங்கிப் போக வேண்டாம். ஓலைக் கொட்டான் வாங்கிப் போங்கள்; விருதுநகர்ச் சந்தையில் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். தண்ணீர் மொள்ளத் தயாராகப் போங்கள். போதனை செய்யப் போகிறவர்கள் முதலில் மூலையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. எல்லாவற்றையும்விட, இந்தச் செடி எதற்கு என்று ஆண்கள் இருக்கும் இடத்தில் வைத்துக் கேட்காதீர்கள்.

நான் அங்கே கொடுத்தது ஒரு பொருளின் குணத்தைப் பற்றிய இரண்டு வரி. வாங்கிக்கொண்டது அதிகம். என் தவறை அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள், தங்கள் தவறை ஒரு மத்தியானத்தில் ஒப்புக்கொண்டு மாற்றினார்கள். நான் வேலை செய்யும் இடத்தில் இரண்டாவதற்குக் குறைந்தது ஒரு கமிட்டி தேவைப்படும்.

இனி, மறுநாள் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை. மழை வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். விடியுமுன் வானம் நட்சத்திரத்தோடு துடைத்து வைத்தது போலிருந்தது. நாலே முக்காலுக்கு நானும் எஸ்தரும் கரட்டுக்குப் போனோம். இருட்டில் கன்றுகளை மிதிக்காமலிருக்க எல்லோரும் கால் வைக்குமுன் கையால் தரையைத் தடவிப் பார்த்தார்கள். லாரி வந்தது. கணுக்கால் உயரம்கூட இல்லாத செடிகளுக்கு நடுவில் எல்லோரும் எழுந்து நின்றோம்.

"இன்னும் மூணு வருசம் எந்திரிக்கணும் டீச்சர்," என்றது இருட்டில் பேச்சியம்மாளின் குரல். சிலர் சிரித்தார்கள்.

ஆறரை மணிக்கு, எஸ்தர் வேதக் கோவிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, விடைபெறுவதற்காக மறுபடி கரட்டுப் பக்கம் போனேன். சுப்பையா ஆடுகளைக் கரட்டைத் தொடாமல் சாலை வழியாகச் சுற்றி ஓட்டிக்கொண்டு போனார். பெண்கள் அரைக் குடம் அரைக் குடமாக ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பேச்சியம்மாள் என்னைத் தென்கீழ் மூலைக்கு அழைத்துப் போனார். அங்கே வெள்ளைக் கல்லால் ஒரு வளையம். உள்ளே இருபது கன்றுகள், குழாயோடு நட்டவை.

"நீங்க கேட்டீகள்ல," என்றார். "இருபது மட்டும் உரிக்காம வச்சேன். தை மாசம் எஸ்தர் டீச்சரைக் கார்டு போடச் சொல்றேன்."

குனிந்து பார்த்தேன். இருபதும் நட்டபோதே முக்கால்வாசி செத்திருந்தவை. பிழைக்கக்கூடியது எதையும் அவர் அந்த வளையத்துக்குள் விடவில்லை. சோதனை என்ற முறையில் அதனால் ஒரு பயனும் கிடையாது.

நான் அதைச் சொல்லவில்லை. நோட்டுப் புத்தகத்தை எடுத்து, "தென்கீழ் மூலை, இருபது, உரிக்காதவை" என்று அவர் பார்க்க எழுதிக்கொண்டு, ஏழே முக்கால் பஸ்ஸுக்காகச் சாலைக்கு நடந்தேன். மழை பெய்யவில்லை.